பாலைவனத்தில் ஐந்து நாள்: ஆர்.வி. வண்டியின் தண்ணீர்க் கணக்கு

அரிசோனா மாநிலத்தின் மேற்கு ஓரத்தில் குவார்ட்சைட் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. பீனிக்ஸ் நகரிலிருந்து 10ஆம் எண் நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். கோடையில் அங்கே நிற்க முடியாது. குளிர்காலம் வந்துவிட்டால் ஊரைச் சுற்றியுள்ள பாலை நிலமெல்லாம் ஆர்.வி. வண்டிகளால் நிறைந்துவிடும். சமையலறை, படுக்கை, கழிவறை எல்லாவற்றையும் சுமந்து வரும் வீட்டு வண்டிகள் அவை. நிலத்தின் பெரும்பகுதி மத்திய அரசின் நில மேலாண்மைப் பணியகத்துடையது, சுருக்கமாக பி.எல்.எம். என்பார்கள். பல இடங்களில் 28 நாளில் 14 நாள் வரை கட்டணமின்றித் தங்கலாம். மின் இணைப்பு, குழாய், சாக்கடை எதுவும் கிடையாது. இரவில் தலைக்கு மேல் அத்தனை நட்சத்திரங்கள் தெரியும் இடத்தில் அவற்றை எதிர்பார்க்கவும் கூடாது.

வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு முதல்முறை அங்கே கிளம்பும் நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது மின்சாரத்தைப் பற்றித்தான். சோலார் தகடு எத்தனை வாட், பேட்டரி தாங்குமா என்பார்கள். மின்சாரம் போனால் இருட்டில் படுத்துக்கொள்ளலாம். தண்ணீர் தீர்ந்தால் சமைக்க முடியாது. அழுக்குத் தண்ணீர்த் தொட்டி நிரம்பிவிட்டால், நல்ல தண்ணீர் கையில் இருந்தாலும் அன்றே கிளம்ப வேண்டியதுதான். இந்தக் கடைசி விஷயம் புதியவர்கள் யாருக்கும் முன்கூட்டித் தோன்றுவதில்லை. எத்தனை நாள் தங்கலாம் என்பதை அநேகமாக அந்தத் தொட்டிதான் முடிவு செய்கிறது.

மூன்று தொட்டிகள், மூன்று கணக்கு

வண்டியின் அடியில் மூன்று தொட்டிகள் இருக்கும். ஒன்று நல்ல தண்ணீருக்கு. இரண்டாவதை கிரே டேங்க் என்பார்கள். சமையலறை சிங்க், கை கழுவும் சிங்க், குளியல் இவற்றிலிருந்து வடியும் கழுவுநீர் அதில் சேரும். மூன்றாவது பிளாக் டேங்க். கழிவறையிலிருந்து நேராக இறங்குவது. வண்டியை எடுக்கும்போதே மூன்றின் கொள்ளளவையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கேலனில் சொல்வார்கள். ஒரு கேலன் 3.8 லிட்டர்.

எங்கள் குடும்பத்தில் நான்கு பேர். நாங்கள் எடுத்துச் செல்லும் வண்டியில் நல்ல தண்ணீர் 150 லிட்டர், கிரே டேங்க் 110, பிளாக் டேங்க் 100. குடிநீரைத் தனிக் கேன்களில் கொண்டுபோவதால் அதை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. தொட்டியிலிருந்து ஒரு நாளைக்கு நாங்கள் எடுப்பது இவ்வளவு: சமையலுக்கு 4 லிட்டர், பாத்திரத்துக்கு 8, கை, முகம், பல் துலக்க 6, குளியலுக்கு 12, கழிவறைக்கு 12. மொத்தம் 42 லிட்டர்.

இப்போது வகுத்துப் பாருங்கள். 150 லிட்டர் மூன்றரை நாளுக்கு வரும். கிரே டேங்கில் நாளொன்றுக்கு 26 லிட்டர் விழுவதால் அது நான்கு நாளில் நிரம்பும். பிளாக் டேங்கில் கழிவறைத் தண்ணீரோடு மற்றதும் சேர்ந்து ஏறக்குறைய 20 லிட்டர். அது ஐந்து நாள் தாங்கும். தண்ணீர்தானே குறைகிறது என்று 26 லிட்டர் கேன் இரண்டைக் கூடுதலாக ஏற்றிக்கொண்டால் நல்ல தண்ணீர் ஐந்து நாளை நெருங்கிவிடும். ஆனால் நான்காம் நாளே கிரே டேங்க் நிரம்பி, குளிக்கும் இடத்தின் வடிகால் வழியாக அழுக்குத் தண்ணீர் மேலே ஏறி வரும். எங்களுக்கு முதல் பயணத்தில் நடந்தது அதுதான். இரண்டு கேன் நல்ல தண்ணீரை வைத்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினோம்.

இதற்கு ஒரு வழி உண்டு. பாத்திரம் கழுவுவதை சிங்கில் செய்யாமல் ஒரு பிளாஸ்டிக் டப்பில் செய்யுங்கள். அந்த 8 லிட்டரை வடிகட்டி, கழிவறையில் ஊற்றுங்கள். நல்ல தண்ணீரில் 8 லிட்டர் மிச்சம். கிரே டேங்கில் விழுவதும் 8 லிட்டர் குறைகிறது. பிளாக் டேங்கில் எப்படியும் விழ வேண்டிய தண்ணீர்தான் விழுகிறது. கேன்களையும் சேர்த்துக் கணக்கிட்டால் நல்ல தண்ணீரும் கிரே டேங்கும் ஆறு நாள் வரும். பிளாக் டேங்க் ஐந்து நாளில் நிற்கும். மூன்றரை நாள் ஐந்து நாளாகிவிட்டது. உங்கள் வண்டியின் எண்களைப் போட்டு இதே கணக்கைக் கிளம்பும் முன் ஒருமுறை செய்துபாருங்கள்.

கிளம்பும் முன் ஒத்திகை

ஒரு சனிக்கிழமை வீட்டிலேயே 42 லிட்டரை வாளிகளில் பிடித்து வையுங்கள். அன்று முழுவதும் குழாயைத் தொடக்கூடாது. ஏறக்குறைய மூன்று குடம் தண்ணீர். 2019 கோடையில் சென்னையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்ற குடும்பங்களுக்கு இது புதிதே அல்ல. பிளாஸ்டிக் குடத்தில் மூன்று என்றால் என்னவென்று கைக்கே தெரியும். குழாயைத் திருப்பினால் வந்துகொண்டே இருக்கும் என்று வளர்ந்த நம் பிள்ளைகளுக்குத்தான் இந்த ஒரு நாள் அவசியம். எங்கள் மகள் மாலை நான்கு மணிக்கே கடைசி வாளிக்கு வந்துவிட்டாள். அடுத்த சனிக்கிழமை இரவு ஒரு வாளி மிச்சம் வைத்தாள்.

தொட்டியைச் சுத்தம் செய்தல்

வாடகை வண்டியின் நல்ல தண்ணீர்த் தொட்டி எத்தனை நாள் தேங்கிக் கிடந்ததோ தெரியாது. உங்களுக்கு முன் சுத்தம் செய்தார்களா என்று கேளுங்கள். தெளிவான பதில் வரவில்லை என்றால் நீங்களே செய்துவிடுங்கள். வாசனையும் கெட்டித்தன்மையும் சேர்க்காத சாதாரண ப்ளீச் வாங்குங்கள். 15 கேலன் கொள்ளளவுக்குக் கால் கப், அதாவது 57 லிட்டருக்கு 60 மில்லி என்பது வழக்கமான அளவு. 150 லிட்டர் தொட்டிக்கு 160 மில்லி.

முதலில் தண்ணீர் வடிகட்டிக்குள் உள்ள கார்ட்ரிட்ஜைக் கழற்றி வையுங்கள். ப்ளீச்சை ஒரு வாளித் தண்ணீரில் கலக்கித் தொட்டியில் ஊற்றி, பிறகு தொட்டியை முழுவதும் நிரப்புங்கள். பம்பைப் போட்டு, வண்டிக்குள் இருக்கும் ஒவ்வொரு குழாயையும், வெந்நீர்க் குழாய் உட்பட, ப்ளீச் வாடை வரும் வரை திறந்து மூடுங்கள். குறைந்தது நான்கு மணி நேரம், முடிந்தால் ஓர் இரவு அப்படியே விட்டுவிட்டு முழுவதையும் வடித்துவிடுங்கள். நல்ல தண்ணீர் நிரப்பி வடித்தால் இரண்டாம் முறையில் வாடை போய்விடும். அதன் பிறகும் அந்தத் தொட்டித் தண்ணீரை நாங்கள் குடிப்பதில்லை. சமையலுக்குக் கொதிக்கவைத்துப் பயன்படுத்துவோம், அவ்வளவுதான்.

வெந்நீர்க் கலனை மறந்துவிடாதீர்கள். பல வண்டிகளில் அது 6 கேலன், அதாவது 23 லிட்டர் பிடிக்கும். அது காலியாக இருக்கும்போது ஒருபோதும் சூடேற்றியைப் போடக்கூடாது, கருவி கெட்டுவிடும். கலன் சூடாக இருக்கும்போது அதன் வடிகால் மூடியைத் திறக்கவும் கூடாது; கொதிநீர் பீறிட்டு வரும். தொட்டி தீர்ந்துபோன அவசரத்தில் அந்த 23 லிட்டரும் உங்கள் தண்ணீர்தான் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நிரப்பும்போது

வண்டியின் பக்கவாட்டில் தண்ணீருக்கு இரண்டு வாய்கள் இருக்கும். ஒன்றில் 'ஃப்ரெஷ் வாட்டர்' என்றும் மற்றதில் 'சிட்டி வாட்டர்' என்றும் எழுதியிருக்கும். முதலாவதுதான் தொட்டிக்குப் போவது. இரண்டாவது, குழாய் இணைப்பு உள்ள இடத்தில் நேராக வண்டிக் குழாய்களுக்கு அழுத்தம் கொடுப்பது. அதில் ஹோஸை மாட்டினால் உள்ளே எல்லாக் குழாயிலும் தண்ணீர் நன்றாக வரும், தொட்டியில் ஒரு சொட்டும் ஏறாது. நூறு கிலோமீட்டர் தாண்டிப் போய்ப் பம்பைப் போட்ட பிறகுதான் அது தெரியவரும். சில வண்டிகளில் ஒரே வாயும் ஒரு திருப்பு வால்வும் இருக்கும். நிரப்பத் தொடங்கும் முன் வால்வு எந்தப் பக்கம் நிற்கிறது என்று பாருங்கள்.

ஹோஸ் குடிநீருக்கென்றே செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். கடைகளில் வெள்ளை அல்லது நீல நிறத்தில் கிடைக்கும். தோட்டத்து ஹோஸ் வேண்டாம். அதன் ரப்பர் வாடை தண்ணீரில் இறங்கிவிடும். நிரப்பி முடித்ததும் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று மாட்டிச் சுருட்டி, கழிவு ஹோஸ் இருக்கும் பெட்டியிலிருந்து தள்ளி வையுங்கள். சில குழாய்களில் மரை இருக்காது. அதற்கென்று ரப்பர் வாய் கொண்ட சிறு இணைப்பு ஒன்று சில டாலருக்குக் கிடைக்கும். அதை வாங்கி வைத்துக்கொண்டால் எந்தக் குழாயிலும் பிடிக்கலாம்.

வண்டிச் சுவரில் உள்ள அளவு காட்டும் விளக்குகளை முழுவதும் நம்பாதீர்கள். காலி, மூன்றில் ஒன்று, மூன்றில் இரண்டு, முழுமை என்ற நான்கைத்தான் அவை காட்டும். பிளாக் டேங்கின் உணரியில் அழுக்கு ஒட்டிக்கொண்டால் காலித் தொட்டியும் நிறைந்ததாகக் காட்டும். நான் செய்வது எளிது. 19 லிட்டர் வாளி எத்தனை நிமிடத்தில் நிரம்புகிறது என்று முதலில் பார்ப்பேன். இரண்டு நிமிடம் என்றால் 150 லிட்டருக்குப் பதினாறு நிமிடம். கடிகாரம் பொய் சொல்லாது.

எடையையும் பாருங்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ. தொட்டியில் 150, கூடுதல் கேன்களில் 52, குடிநீர் 76 என்று எங்கள் வண்டியில் 278 கிலோ தண்ணீர் மட்டும் ஏறுகிறது; நான்கு பெரியவர்களின் எடை. வண்டி எவ்வளவு சுமை தாங்கும் என்ற ஒட்டுத்தாள் கதவின் அருகே இருக்கும். வீட்டிலேயே எல்லாவற்றையும் நிரப்பிக்கொண்டு 200 கிலோமீட்டர் சுமப்பதைவிட, தங்கப்போகும் இடத்துக்கு முந்திய ஊரில் நிரப்புவது நல்லது. கேன்களைத் தரையோடு, அச்சுக்கு அருகே, நகராதபடி கட்டி வையுங்கள்.

குவார்ட்சைட்டில் தண்ணீர் எங்கே கிடைக்கும்

ஊருக்குள் கட்டணம் வாங்கிக்கொண்டு குடிநீர் நிரப்பவும் கழிவைக் கொட்டவும் விடும் இடங்கள் உண்டு. சில்லறை போட்டு ஐந்து கேலன் கேன்களில் பிடித்துக்கொள்ளும் குடிநீர் இயந்திரங்களும் உண்டு. ஊருக்குத் தெற்கே, 95ஆம் எண் சாலையை ஒட்டி லா போசா என்ற பி.எல்.எம். நீண்டகாலத் தங்குமிடம் இருக்கிறது. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரையிலான பருவம் முழுவதற்கும் ஒரு கட்டணம், 14 நாளுக்கு மட்டும் என்றால் அதைவிடக் குறைந்த கட்டணம். தண்ணீர்க் குழாயும் கழிவு கொட்டும் இடமும் அந்தக் கட்டணத்திலேயே அடங்கும். முதல்முறை போகிறவர்கள் கட்டணமில்லாத இடத்தை விட்டுவிட்டு இங்கே தங்குவதே மேல் என்பது என் கருத்து. கணக்கு தவறினாலும் திருத்திக்கொள்ள வழி பக்கத்திலேயே இருக்கிறது.

இந்தப் பாலையில் தண்ணீர்க் கணக்கு போட்டவர்கள் நமக்கு முன்பும் உண்டு. 1850களில் அமெரிக்க இராணுவம் இந்த வறண்ட நிலத்தில் சுமை தூக்க ஒட்டகங்களைக் கொண்டுவந்து பார்த்தது. அவற்றோடு வந்த ஹாஜி அலி 1902இல் குவார்ட்சைட்டில் இறந்தார். ஹை ஜாலி என்று ஊரார் திரித்துக்கொண்ட பெயரோடு அவருடைய கல்லறை அங்கே இருக்கிறது. பிரமிடு வடிவில் கட்டிய கல், உச்சியில் ஓர் ஒட்டகம். தண்ணீர் பிடிக்கப் போகும் வழியில் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

ஜனவரியில் ஊரில் ஆர்.வி. கண்காட்சி நடக்கும் நாட்களில் கழிவு கொட்டும் இடங்களில் நீண்ட வரிசை நிற்கும். அந்த வாரத்தில் போகிறீர்கள் என்றால் தொட்டி நிரம்பும் வரை காத்திருக்க வேண்டாம்.

அன்றாடம்

குளியலில்தான் அதிகம் போகும், அதிகம் மிச்சம் பிடிக்கவும் அங்கேதான் முடியும். அமெரிக்க வீடுகளின் ஷவர் நிமிடத்துக்கு 9.5 லிட்டர் வரை ஊற்றும். அப்படிக் குளித்தால் 150 லிட்டர் தொட்டி பதினாறு நிமிடத்தில் காலி. உடம்பை நனைத்துவிட்டு மூடுங்கள். சோப்புப் போட்டு முடித்துத் திறந்து அலசுங்கள். ஷவர் தலையிலேயே நிறுத்தும் பொத்தான் இருக்கும். வெந்நீர் வந்து சேரும் வரை வரும் குளிர்ந்த தண்ணீரை வடிகாலில் விடாமல் வாளியில் பிடியுங்கள். ஒவ்வொரு முறையும் ஒன்றிரண்டு லிட்டர் கிடைக்கும். அதைவிட நல்லது நம் பழைய முறை. வாளியில் ஆறு லிட்டர் இளஞ்சூட்டு நீர், ஒரு சொம்பு. பெரியவர் ஒருவர் அதில் நன்றாகக் குளிக்கலாம். ஒருநாள் விட்டு ஒருநாள் குளித்தால் நான்கு பேருக்கு நாளொன்றுக்கு 12 லிட்டர் என்ற கணக்கு சரியாக வரும்.

நம் சமையலுக்கென்று சில எச்சரிக்கைகள் உண்டு; ஆங்கில வழிகாட்டிகள் எதிலும் அவற்றை நான் பார்த்ததில்லை. அரிசி களைந்த கழுநீரும் வடித்த கஞ்சியும் கிரே டேங்கில் போனால் இரண்டு நாளில் புளித்து, வண்டி முழுவதும் நாறும். குக்கரில் அளவான தண்ணீர் வைத்துச் சமையுங்கள். இரண்டாம் கழுநீரில் பருப்பை வேகவிடுங்கள். இட்லி மாவையும் புளிக்காய்ச்சலையும் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். எண்ணெய்ப் பிசுக்குள்ள வாணலியைத் தண்ணீர் காட்டும் முன் காகிதத் துண்டால் நன்றாக வழித்தெடுங்கள். அதன் பிறகு தெளிப்பான் பாட்டிலில் சோப்புத் தண்ணீர் அடித்துத் தேய்த்தால், அலச ஒரு சொம்பு போதும்.

கழிவறையில் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொள்ளும் பழக்கத்தை விட வேண்டியதில்லை. அந்தத் தண்ணீர் பிளாக் டேங்கிற்கு நல்லதுதான். தண்ணீரை அளவுக்கு மீறிச் சிக்கனப்படுத்தினால் திடக்கழிவு அடியில் குவிந்து இறுகிவிடும். அதை அகற்றுவது பெரும் பாடு. ஒரு சிறு கை தெளிப்பான் பாட்டில் வைத்துக்கொண்டால் ஒரு முறைக்குக் கால் லிட்டரில் முடிந்துவிடும். பயணத்தின் தொடக்கத்தில் காலி பிளாக் டேங்கில் ஒரு வாளித் தண்ணீரும் அதற்கான மருந்தும் ஊற்றி வையுங்கள். எளிதில் கரையும் காகிதத்தைத் தவிர வேறெதுவும் உள்ளே போகக்கூடாது.

இரவு படுக்கும் முன்பும், வெளியே நடக்கப் போகும் முன்பும், வண்டியை ஓட்டும்போதும் பம்பை அணைத்து வையுங்கள். எந்தக் குழாயும் திறக்காதபோது பம்ப் தானாக ஓடி நின்றால் எங்கோ கசிகிறது என்று பொருள். ஒரு சிறு கசிவு ஓர் இரவில் தொட்டியைக் காலி செய்துவிடும்.

குடிநீருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர் வைக்கிறோம். வெயிலில் நீண்ட தூரம் நடக்கும் நாளில் 4 லிட்டர். ஐந்து நாளுக்கு 60 லிட்டர் போக மீதி 16 லிட்டரைக் கடைசி வரை தொடுவதில்லை. வண்டி மணலில் சிக்கினால் உதவி வரும் வரை உயிரைக் காப்பது அந்தக் கேன்தான். இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம். பிள்ளைகள் கேட்கும்போதெல்லாம் கொடுங்கள்.

கழிவைக் கொட்டும்போது

பிளாக் டேங்கைத் தரையில் திறப்பது எங்கேயும் குற்றம். கழுவுநீர் பற்றிய விதி இடத்துக்கு இடம் மாறும். விதி எதுவானாலும் நாங்கள் அதையும் தரையில் விடுவதில்லை. சோப்பும் எண்ணெயும் உணவுத் துணுக்கும் கலந்த நீர் எறும்பையும் எலியையும் இழுக்கும். மழை எப்போதாவது பெய்யும் மண்ணில் அது கழுவிப்போக நாளாகும். அடுத்து வரும் குடும்பமும் அதே இடத்தில்தான் பாய் விரிக்கப்போகிறது.

கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கழிவு ஹோஸை முதலில் வண்டியிலும் பிறகு தரைக்குழியிலும் பொருத்தி, இரண்டு முனையும் இறுகியிருக்கிறதா என்று இழுத்துப் பாருங்கள். முதலில் பிளாக் டேங்க். அது வடிந்து முடிந்து வால்வை மூடிய பிறகு கிரே டேங்க். இந்த வரிசை மாறக்கூடாது. சோப்புத் தண்ணீர் பின்னால் வந்தால்தான் ஹோஸின் உட்புறம் அலசப்படும். தங்கியிருக்கும் நாட்களில் பிளாக் டேங்க் வால்வு எப்போதும் மூடியே இருக்க வேண்டும். திறந்து வைத்தால் நீர் மட்டும் வடிந்து திடக்கழிவு உள்ளே காய்ந்துவிடும்.

கொட்டும் இடத்தின் பக்கத்திலேயே ஒரு குழாய் இருக்கும். அது ஹோஸ் அலசுவதற்கு. குடிக்கத் தகாதது என்ற பலகை பெரும்பாலும் மாட்டியிருக்கும்; பலகை இல்லாவிட்டாலும் அதில் நல்ல தண்ணீர் பிடிக்காதீர்கள். யாரோ ஒருவர் தம் கழிவு ஹோஸை அந்தக் குழாய் வாயில் முட்டக் கொடுத்து அலசியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். குடிநீர்க் குழாய் சற்றுத் தள்ளி, தனியாக இருக்கும். கையுறையைக் கழற்றிப் போட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு அங்கே போங்கள்.

வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் முன் நல்ல தண்ணீர்த் தொட்டியில் எஞ்சியதை ஒரு வாளியில் அளந்து வடியுங்கள். எத்தனை லிட்டர் மிச்சம், கிரே டேங்க் எந்த நாளில் மூன்றில் இரண்டைத் தொட்டது, எத்தனை முறை குளித்தீர்கள் என்று அன்றே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் நாளொன்றுக்கு 60 லிட்டர் என்று இருக்கிறது. 42 என்ற எண் நான்காம் பயணத்தில்தான் வந்தது.